தையலைப் பிரித்தது யார்?

கே.கே. நகரில் குடியிருக்கும் எங்களுக்கு ஆகாய விமானத்தின் இரைச்சல் புதிதன்று. பாடம் நடந்துகொண்டிருக்கையில் தலைக்கு மேலே ஒன்று தாழப் பறந்தால், டீச்சர் சற்றே பேச்சை நிறுத்துவார். இரைச்சல் ஓய்ந்ததும் பாடம் தொடரும். அந்த நேரத்திற்குள் எங்கள் மனமும் அதனோடு ஏறிக் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போய் வந்துவிடும். உயிரியல் பிரிவில் படிக்கும் எங்களில் பாதிப் பேருக்கு மேல் டாக்டராக வேண்டும் என்று ஆசை. டாக்டரான பின் என்ன செய்வாய் என்று கேட்டால், 'ஏழை நாடுகளுக்குப் போய்த் தொண்டு செய்வேன்' என்று சொல்பவர்களும் எங்களிடையே உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஆசையைப் பற்றி நாங்கள் நின்று யோசிக்கும்படி சென்ற ஆண்டு ஒரு நிகழ்ச்சி நடந்தது.

எங்கள் பள்ளியின் பழைய மாணவி ஒருவர் எங்களைக் காண வந்திருந்தார். அறுவை மருத்துவத்தில் பட்டமேற்படிப்புப் படித்துக்கொண்டிருப்பவர். படிப்பின் நடுவே ஒரு தொண்டுக் குழுவோடு ஆப்பிரிக்க நாடொன்றுக்குச் சென்று, பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அறுவை செய்யும் முகாமில் பத்து நாள் பணிபுரிந்து திரும்பியிருந்தார். விடியுமுன்பே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற தாய்மார்களைப் பற்றிச் சொன்னார். அறுவை முடிந்து வெளியே கொண்டுவரப்பட்ட தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுததைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த நாங்களும் அழுதுவிட்டோம். கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று.

அப்போது முன்வரிசையில் அமர்ந்திருந்த வயதான சிஸ்டர் ஒருவர் மெல்ல எழுந்தார். அவர் பல ஆண்டுகள் ஒரு கிராம மருந்தகத்தில் நர்ஸாக இருந்தவர். "நீங்க எல்லாரும் திரும்பி வந்த பிறகு, அந்தப் பிள்ளைங்களுக்குத் தையலைப் பிரிச்சது யாரும்மா?" என்று கேட்டார்.

அக்கா பேசாமல் நின்றார். பிறகு, "தெரியலை சிஸ்டர். நாங்க கேட்டுக்கவே இல்லை" என்றார். சிஸ்டர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "அடுத்த தடவை போறப்ப கேட்டுக்கோ" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். சொந்த நாட்டில் சுகமாக இருக்கக்கூடியவர் அவ்வளவு தூரம் சென்று செய்த நன்மைக்கு நன்றி சொல்லாமல், குறை கேட்கலாமா என்றனர் சிலர். கேட்டதில் தவறேயில்லை என்றனர் வேறு சிலர். நூலகத்தில் தேடியும் ஆசிரியைகளைக் கேட்டும் நாங்கள் தெரிந்துகொண்டவற்றை வைத்து எங்கள் கருத்தை இங்கே எழுதுகிறோம். சிஸ்டரின் கேள்வி சரியான கேள்வி என்பதே எங்கள் முடிவு. பயிற்சிக் காலத்தில் பிறநாடு சென்று அறுவைத் தொண்டு செய்ய விரும்பும் ஒவ்வொரு இளம் மருத்துவரும் விமானம் ஏறுமுன் அதற்கு விடை சொல்ல வேண்டும்.

முதலில், தேவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 'லான்செட்' என்னும் மருத்துவ இதழ் அமைத்த குழு ஒன்று 2015ஆம் ஆண்டு தன் அறிக்கையை வெளியிட்டது. உலகில் ஏறத்தாழ 500 கோடிப் பேருக்குத் தேவையான காலத்தில், பாதுகாப்பாக, தாங்கக்கூடிய செலவில் அறுவை சிகிச்சை கிடைப்பதில்லை என்றும், ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமானமுள்ள நாடுகளிலும் ஆண்டுக்கு இன்னும் 14 கோடியே 30 லட்சம் அறுவைகள் தேவை என்றும் அது கூறிற்று. குடல்வால் வெடித்தவரும், பிரசவத்தில் பிள்ளை குறுக்கே கிடக்கும் தாயும், எலும்பு முறிந்த தொழிலாளியும் இக்கணக்கில் அடக்கம். இத்தனை பேர் காத்திருக்கையில், இளைஞர் சிலர் தம் விடுமுறையையும் பணத்தையும் செலவிட்டுப் புறப்படுவது போற்றத்தக்கதே.

இப்படிப் புறப்பட்டவர்களின் வரலாறு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் டோனால்டு லாப் 1969இல் 'இன்டர்பிளாஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். உதட்டுப் பிளவுக்கும் தீக்காயத் தழும்புக்கும் அறுவை செய்யக் குழுக்கள் பிற நாடுகளுக்குச் சென்றன. பயிற்சியிலிருந்த இளம் மருத்துவர்களும் உடன் சென்றனர். 1982இல் 'ஆபரேஷன் ஸ்மைல்' என்னும் அமைப்பு பிலிப்பைன்ஸ் நாட்டில் தன் பணியைத் தொடங்கியது. இவற்றால் முகம் பெற்ற குழந்தைகள் ஏராளம். அதை நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் உதட்டுப் பிளவு ஒரு நாள் வேலையன்று. குழந்தைக்கு மயக்கம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியதைப் 'பத்தின் விதி' என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு: வயது பத்து வாரம், எடை பத்து ராத்தல், இரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து கிராம். முகாம் வருகிற வாரத்தில் இம்மூன்றும் நிரம்பாத குழந்தை என்ன செய்யும்? அடுத்த முகாம் வரும் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான். அறுவை முடிந்த பிள்ளைக்குச் சில நாளில் தையல் பிரிக்க வேண்டும். புண் சீழ் வைத்தால் பார்க்க ஆள் வேண்டும். மேல்அண்ணமும் பிளந்திருந்தால் அதற்குப் பின்னொரு காலத்தில் தனி அறுவை. அண்ணத்தில் போட்ட தையல் விட்டுப் போய் ஓட்டை விழுவதும் உண்டு. அதன் பிறகு பேச்சுப் பயிற்சி, பல் வரிசை, காது சோதனை என்று வேலை ஆண்டுக்கணக்கில் நீளும். பத்து நாள் இருந்து திரும்புகிறவர் இவற்றில் எதைப் பார்க்க முடியும்?

வள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனித்துக்கொள்பவர் என்பன அவை. நம் ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி இருப்பதைப் பலரும் அறிவர். காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள திருமுக்கூடல் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றைக் குறிப்பிடுகிறது. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், மூலிகை கொண்டுவருவோர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று எல்லாருக்கும் சம்பளம் குறித்திருக்கிறார்கள். கத்தி பிடித்தவர் ஒருவர்; அவரைச் சுற்றி எப்போதும் உடனிருப்பவர்கள் பலர். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் தெரிந்து வைத்திருந்த கணக்கு இது. குறுகிய கால முகாமில் வள்ளுவர் சொன்ன நான்காவது ஆள்தான் விட்டுப் போகிறார்.

இரண்டாவது விஷயம் இன்னும் கூர்மையானது. பயிற்சியிலிருப்பவரின் கை இன்னும் பழகாத கை. அதில் அவமானம் ஏதுமில்லை. எல்லாரும் அப்படித்தான் கற்கிறார்கள். ஆனால் ஊரில் மூத்தவர் பக்கத்தில் நிற்காமல் தொட அனுமதி இல்லாத அறுவையை, அயல்நாட்டில் 'ஆள் போதவில்லை' என்று சொல்லித் தனியே செய்யும் நிலை வந்தால் என்ன பொருள்? அந்த ஏழையின் உடம்பு அவருக்குப் பயிற்சிப் பலகை ஆகிவிட்டது என்று பொருள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்ற பழமொழியை நாம் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அந்த ஆயிரம் பேரும் யாருடைய பிள்ளைகள் என்று கேட்பதில்லை. பணக்காரரின் பிள்ளைகளாக அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் தன் மாணவர்களுக்காக 2011இல் வகுத்த நெறிகளின் சாரமும் இதுவே: சொந்த ஊரில் செய்யத் தகுதி இல்லாததை வெளிநாட்டில் செய்யாதே.

'ஒன்றும் கிடைக்காமல் கிடப்பதைவிட ஏதோ ஒன்று கிடைப்பது மேல் அல்லவா?' என்று எங்கள் தோழி ஒருத்தி கேட்டாள். பல நாள் எங்களுக்கு இதற்கு விடை தெரியவில்லை. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா நகரில் நடந்ததைப் படித்தபோது விடை கிடைத்தது. 1986இல் அங்கே ஏழைகளுக்காக இலவசக் கண் முகாம் ஒன்று நடந்தது. நடத்தியவர்களின் எண்ணம் நல்லதே. ஆனால் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் அறுவை செய்த கண்ணில் பார்வையை இழந்தனர். அறுவையின்போது பயன்படுத்திய உப்புநீரில் கிருமி கலந்திருந்ததே காரணம் என்று கருதப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1989இல் தீர்ப்பாயிற்று. புரை விழுந்த கண்ணில் மங்கலாவது தெரிந்துகொண்டிருந்தது. பின்பு அதுவும் போயிற்று. ஆகவே, 'ஏதோ ஒன்று' எப்போதும் 'ஒன்றுமில்லாததை'விட மேலானதாகிவிடாது. இலவசமாகக் கொடுப்பதிலும் பழுதில்லாததைக் கொடுக்கக் கடமை உண்டு.

அப்படியானால் யாரும் போகவே கூடாதா? அதுவும் எங்கள் கருத்தன்று. கடல் கடந்து வந்த இளம் மருத்துவர்களால் தமிழ் மக்கள் பெற்ற நன்மை கொஞ்சமல்ல. அவர்கள் எப்படி வந்தார்கள், எதை விட்டுச் சென்றார்கள் என்று பார்த்தால் நமக்கு வழி தெரியும்.

அமெரிக்காவில் பிறந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். தாம் ஒருவர் எத்தனை பேருக்குத்தான் அறுவை செய்ய முடியும் என்று உணர்ந்து, உள்ளூர் இளைஞருக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் வேறு உத்தியோகங்களுக்குச் சென்றுவிடுவதையும் கிராமங்கள் கைவிடப்படுவதையும் கண்டு, தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்காகத் தாம் தமிழ் கற்றார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். 'இரண வைத்தியம்' என்னும் அறுவை மருத்துவ நூல் அவற்றுள் ஒன்று. அவரிடம் பயின்று மருத்துவரானவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். 1873இல் அவர் நாடு திரும்பினார். திரும்பிய பின் மானிப்பாயில் தையலைப் பிரித்தது யார் என்று அவரைக் கேட்டிருந்தால், ஒவ்வொருவராகப் பெயர் சொல்லியிருப்பார்.

இன்னொருவர் நமக்கு அருகிலேயே பிறந்தவர். கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயத் தம்பதியரின் மகனாக 1914இல் பிறந்த பால் பிராண்ட், இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் அறுவையைச் செய்தார். விரல் நிமிர்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க அவருக்கு வழியில்லாமல் போயிற்று. கை நேராகிவிட்டதால் பிச்சைகூடக் கிடைக்கவில்லை என்று சிலர் திரும்பி வந்தனர். உணர்ச்சியற்ற கையில் மீண்டும் மீண்டும் காயம் பட்டு வந்தனர் வேறு சிலர். அங்கேயே இருந்ததால்தான் அவர் இவற்றைக் கண்டார். கண்டதால், கையைக் காத்துக்கொள்ளவும் தச்சு வேலை போன்ற தொழில் செய்து பிழைக்கவும் அவர்களுக்குக் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இங்கே பணிபுரிந்தார்.

அவரிடம் கற்றவர்களில் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். இனி என்ன மருத்துவம் என்று பலர் நினைத்திருக்கக்கூடும். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூருக்கே திரும்பி, அத்துறையை நடத்தினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அயல்நாட்டிலிருந்து வந்தவர் கற்பித்தார். நம் நாட்டுப் பெண் கற்றுத் தாமே பிறருக்கு ஆசிரியரானார். மாணவியராகிய எங்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

எங்களைப் பேணி வளர்க்கும் கன்னியரின் வழியும் இதுவே. ஆஸ்திரேலியாவில் மருத்துவராயிருந்த மேரி குளோரி, 1920இல் ஆந்திரத்தின் குண்டூருக்கு வந்து கன்னியர் சபையில் சேர்ந்தார். கன்னியர் மருத்துவத் தொழில் செய்யத் திருச்சபையின் சட்டம் அந்நாளில் இடம் தரவில்லை. பாப்பரசரின் தனி அனுமதி பெற்றுப் பணியாற்றினார்; 1936இல்தான் உரோமை இதில் பொது அனுமதி வழங்கியது. உள்ளூர்ப் பெண்களுக்கு மருந்து கலக்கவும், பிரசவம் பார்க்கவும், நோயாளியைப் பேணவும் கற்றுக்கொடுத்தார். 1957இல் பெங்களூரில் இறக்கும் வரை 37 ஆண்டுகள் இந்த நாட்டிலேயே வாழ்ந்தார்.

எல்லாராலும் 37 ஆண்டு தங்க முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். ஆனால் போகிற நாள் குறைவாயினும் போகிற முறையை மாற்றலாம். முன்பு குழுக்களை அனுப்பிய இன்டர்பிளாஸ்ட் அமைப்பே பிற்காலத்தில் அந்தந்த நாட்டு மருத்துவர்களுக்குப் பயிற்சியும் துணையும் கொடுப்பதைத் தன் முதன்மைப் பணியாக்கிக்கொண்டது. 1999இல் தோன்றிய 'ஸ்மைல் டிரெயின்' தொடக்கத்திலிருந்தே உள்நாட்டு மருத்துவர்களைக் கொண்டு அறுவை செய்விக்கிறது. இந்தியாவிலும் அப்படித்தான். ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவர் அறுவை செய்தால், தையலைப் பிரிக்கவும் அவரே இருப்பார்.

கொடுக்கப் போகிறோம் என்று எண்ணிப் போகிறவர்கள் கற்கப் போகிறோம் என்று போனாலும் நல்லது. டாக்டர் கோ. வெங்கடசாமி பணி ஓய்வு பெற்ற பின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கொண்டே அறுவை செய்தவர் அவர். இன்று பணக்கார நாடுகளிலிருந்தும் இளம் கண் மருத்துவர்கள் அங்கே பயிற்சிக்கு வருகின்றனர். அங்கே அவர்கள் மாணவர்கள். நம் மருத்துவர் ஆசிரியர். இப்படி வருகிறவரால் எந்த ஏழைக்கும் தீங்கில்லை, அவருக்கோ பெரும் லாபம்.

போரும் இயற்கைச் சீற்றமும் நேர்ந்த இடத்திற்கு இந்த நிதானமெல்லாம் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். 2009இல் இலங்கையில் போரின் கடைசிக் கட்டத்தில் காயம்பட்டு வந்த தமிழ் மக்களுக்காக, இந்தியா தன் மருத்துவக் குழுவைப் புல்மோட்டைக்கு அனுப்பியது. இரத்தம் ஒழுகுகிறவரிடம் போய் அடுத்த ஆண்டுத் திட்டம் பேச முடியாது. ஆனால் அத்தகைய இடத்திற்குப் போக வேண்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். கற்றுக்கொண்டிருப்பவர் அவர்களுக்குத் துணையாகப் போகலாம். அவர்களுக்குப் பதிலாகப் போகக் கூடாது.

ஆகவே, நாளை டாக்டராகப் போகும் தோழியரே, எங்களுக்கே நாங்கள் வகுத்துக்கொண்ட சில விதிகளை உங்கள் முன் வைக்கிறோம். அழைத்த இடத்திற்கே போவோம். அங்குள்ள மருத்துவரையும் நர்ஸையும் முதலில் கண்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்போம். இங்கே மூத்தவர் கண்பார்வையில் செய்வதை அங்கும் மூத்தவர் கண்பார்வையில்தான் செய்வோம். தெரிந்ததை ஒருவருக்காவது கற்றுக்கொடுத்துவிட்டு வருவோம். ஒவ்வொரு நோயாளியின் பெயரையும் எழுதி வைத்து, ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்று விசாரிப்போம். தையலைப் பிரிக்கப் போகிறவரின் பெயர் தெரியாமல் கத்தியைக் கையில் எடுக்க மாட்டோம்.

இன்னொன்றும் உண்டு. தொண்டு தொடங்குவதற்கு விமானச் சீட்டு தேவையில்லை. நம் புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். பச்சைமலையிலிருந்தும் பெரம்பலூர், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள் தூக்குச் சட்டியோடும் பாயோடும் காத்திருப்பார்கள். ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் ஓராண்டில் அவர்களிடம் பொறுமையாக ஒரு வார்த்தை பேசப் பழகாதவர், ஆப்பிரிக்காவுக்குப் போய் மட்டும் பழகிவிடுவாரா? ஆயர்கள் 1963இல் பெங்களூரில் நிறுவிய புனித யோவான் மருத்துவக் கல்லூரி, தன் மாணவர்களை வசதி குறைந்த கிராம மருத்துவமனைகளுக்கு அனுப்பிப் பணிபுரியச் செய்வது இதற்காகவே.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். மகள் வெளிநாட்டு முகாமில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்த படத்தைக் கூடத்தில் மாட்டிப் பெருமைப்படுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, அந்தப் பிள்ளையின் பெயர் என்ன, இப்போது எப்படி இருக்கிறது என்றும் மகளைக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் நாங்கள் தெரிந்து வைத்துக்கொள்வோம்.

நல்ல சமாரியன் உவமையை மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினான் என்பது வரை எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பின் வருவதைத்தான் மறந்துவிடுகிறோம். அவனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்திற்குக் கொண்டுபோனான், அன்றிரவு உடனிருந்தான், மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, பார்த்துக்கொள்ளும்படி ஒப்படைத்தான், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்களித்தான். அவனுக்கும் போக வேண்டிய வழி இருந்தது. அங்கேயே தங்கிவிட அவனால் முடியவில்லை. ஆனால் யாரிடம் விட்டுச் செல்கிறோம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மீண்டும் வந்து கேட்கவும் அவன் எண்ணியிருந்தான்.

நம் பள்ளியிலிருந்து புறப்படப் போகும் டாக்டர்கள் அந்தச் சமாரியனைப் போலப் போகட்டும். எங்கள் வயதான சிஸ்டர் மீண்டும் அதே கேள்வியைக் கேட்கும் நாளில், தலை குனியாமல் விடை சொல்ல இறைவன் எங்களுக்கு அருள் புரிவாராக.